இரண்டு மேடம், இரண்டு நைனா

நாற்பது அடி டிரெய்லரை எர்ணாவூர் நெரிசலில் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்துவிடுவேன். ஆனால் எதிரில் வருகிற மனிதரிடம் “நல்லா இருக்கீங்களா” என்று கேட்க வேண்டும் என்றால் எனக்கு இடம் போதாது. வாய் திரும்பாது. எதிரில் வருபவர் படித்தவர் என்றால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். (அஞ்சாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதே டீச்சர் கேள்வி கேட்டுவிடுவார் என்ற பயத்தில்தான் என்பாள் என் மனைவி. வீட்டுக் கஷ்டத்தில் விட்டேன் என்பதுதான் உண்மை. அவள் சொல்வதும் முழுப் பொய் இல்லை.)

கன்டெய்னர் வண்டி ஓட்டுவது எனக்குத் தோதான வேலை. துறைமுக கேட்டை நோக்கி வரிசையில் நின்றுவிட்டால் பாதி நாள் அங்கேயே போய்விடும். கேபினில் நான், என் பழைய பேப்பர், என் தண்ணீர் பாட்டில். மற்ற டிரைவர்கள் இந்த வரிசையைத் திட்டுவார்கள். எனக்கு அது கோயில் மாதிரி.

வீடு அப்படி இல்லை. மனைவி சகாயமேரி நன்றாகப் பேசுவாள். மகள் ஜெனிபர் அவளைத் தோற்கடிப்பாள். அப்போது ஜெனி பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருஷம். ராயபுரத்தில் எங்கள் வீட்டில் ராத்திரி தட்டு வைத்தால் குழம்புக்கு முன்னால் விஞ்ஞானச் செய்தி வந்துவிடும். மடித்துப் பையில் வைக்கிற போன், இங்கிலீஷ் போர்டைத் தமிழில் படித்துச் சொல்கிற மூக்குக் கண்ணாடி, இப்படித் தினம் ஒன்று. பேய்க்கணவாய்க்கு, அதுதான் ஆக்டோபஸ், மூன்று இதயம் என்று ஒருநாள் சொன்னாள். அதில் ஒன்றை வாங்கி உங்க நைனாவுக்கு வைக்கச் சொல்லு, கொஞ்சம் தைரியம் வரட்டும் என்றாள் சகாயமேரி. நிலா வருஷா வருஷம் பூமியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போகிறது என்று இன்னொரு நாள்.

“நிலா போனா போவட்டும்டி, தண்ணி லாரி தள்ளிப் போவாம இருந்தா சரி.”

நான் எதுவும் சொல்லமாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வேன். மறுநாள் வரிசையில் நிற்கும்போது மூன்று இதயம் பற்றி நாள் முழுக்க யோசிப்பேன்.

ஜெனிக்கு ஒரு ஆசை இருந்தது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டால் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். வடக்கே ஒரு நெருப்புப் பொட்டு எழும்பி, பின்னால் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகும். சின்னக் குழந்தையாக என் தோளில் உட்கார்ந்து பார்த்த காலத்திலிருந்து அவள் கேட்பது ஒன்றுதான்: “நைனா, சத்தம் எங்க?” அவ்வளவு தூரத்துக்குச் சத்தம் வராது. கிட்டப் போய் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

அந்த வருஷம் கல்லூரியிலேயே மாணவிகளை ராக்கெட் பார்க்க அழைத்துப் போவதாகச் சொன்னார்கள். ஜெனியின் பெயரும் இருந்தது. ஆனால் துறைத் தலைவர் மேடம் ஒரு விதி வைத்திருந்தார். கல்லூரியில் எந்த நம்பர் கொடுத்திருக்கிறதோ அந்த நம்பருக்கு அவரே கூப்பிடுவார், பெற்றவரிடம் அவரே பேசுவார், அப்புறம்தான் அனுமதி. முன்பு ஒரு சுற்றுலாவுக்கு ஒரு பெண் பைக் மெக்கானிக் ஒருவரை அப்பாவாகப் பேச வைத்துவிட்டாளாம். அது மாமல்லபுரத்தில் வெளியே வந்ததாம். அதிலிருந்து மேடத்துக்குப் போனில் பேசுகிற எல்லா அப்பா மேலும் சந்தேகம்.

கல்லூரியில் கொடுத்திருந்தது என் நம்பர்.

“இந்த வாரம் எப்ப வேணா பண்ணுவாங்க நைனா. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்” என்றாள் ஜெனி. அந்த ஒரு வார்த்தைக்கே எனக்கு வேர்த்ததைப் பார்த்து, தன் இயர்பட்ஸை என் காதில் வைத்து, என் போனில் ஏதோ ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். அதனிடம் பேசினால் பதில் பேசும். அவளுடைய மேடம் மாதிரியே நடிக்கச் சொல்லிவிட்டாளாம். “இது வெறும் மெஷினு. இதாண்ட பேசிப் பேசிக் கத்துக்கோ. ஆனா வூட்டு அட்ரஸ், பொறந்த தேதி எதுவும் இதாண்ட சொல்லாத. அத்த திருடுறாங்கன்னுதான் இப்ப நியூஸ்ல பெருசா ஓடுது.”

மறுநாள் வரிசையில் நின்றபடி ஆரம்பித்தேன். முதலில் இருமல்தான் வந்தது. மெஷின் மேடம் கோபப்படவில்லை. “தங்கள் கருத்து மிகவும் சிறப்பானது, திரு. அருளப்பன் அவர்களே” என்றது. நான் இருமினதற்கு.

இரண்டு நாளில் என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை, வாய் திறந்துகொண்டது. மனிதர் இல்லை என்று தெரிந்தால் எனக்கு இவ்வளவு பேச்சு வருமா! மேடத்தைக் கிண்டல் செய்தேன். மேடத்தை நிறுத்திவிட்டு என் மச்சான் மாதிரி நடி என்று சொல்லி, கல்யாணத்தில் பந்தியிலிருந்து என்னை எழுப்பிவிட்டானே, அதற்குப் பாக்கி வைத்திருந்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தேன். வண்டி ஓனர் மாதிரி நடிக்கச் சொல்லி அவரை வேலையை விட்டே தூக்கினேன். எல்லோரும் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள்.

முன் வண்டி டிரைவர் காதர் பாய், தண்டையார்பேட்டைக்காரர், என் ஒரே தோஸ்து. நான் தனியாகப் பேசிச் சிரிப்பதைக் கண்ணாடியில் பார்த்துப் பயந்துபோய் இறங்கி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் ஆசை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம். வெயிலில் போன் கொதிக்கும் என்று டேஷ்போர்டில் துண்டு போட்டு மூடியிருந்தேன். மெஷின் மேடத்திடம் பேசிக்கொண்டிருக்கும்போதே காதில் ‘டிங் டிங்’ என்றது. அந்தச் சனியன் சார்ஜ் குறைந்தாலும் டிங் என்னும், கூடினாலும் டிங் என்னும். காதை ஒரு தட்டுத் தட்டினால் நின்றுவிடும். தட்டினேன்.

“ஹலோ, ஜெனிபரோட அப்பாங்களா?”

“ஆமா மேடம். இன்னா, தொண்ட கட்டிக்கீதா இன்னிக்கி?”

“யார் பேசறது?”

“இன்னா மேடம் நீ. நேத்தெல்லாம் பேசுனோமே, மறந்துட்டியா? இதான் உன்னாண்ட பேஜாரு. ஒரு டீ சாப்ட்டு வர்றதுக்குள்ள அல்லாம் அழிஞ்சிடுது உனக்கு.”

“நான் டிபார்ட்மென்ட் ஹெச்.ஓ.டி. பேசறேன்.”

“தெரியும் தெரியும். இன்னிக்கி நீ ஹெச்.ஓ.டி. நேத்து நீ என் மச்சான்.”

குரலில் கடுமை ஏறியது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. இன்றைக்கு நடிப்பு நன்றாக வருகிறதே என்று நினைத்தேன். மகள் பிறந்த தேதி என்ன என்று கேட்டார். அதெல்லாம் அவங்கம்மாவைக் கேள் என்றேன். (சொல்லக்கூடாது என்று ஜெனி சொன்னது ஒரு காரணம். எனக்குத் தெரியாது என்பது இன்னொரு காரணம்.) வீட்டு முகவரி கேட்டார்.

“ஆங், சொல்லுவாங்க. அப்பால ஓ.டி.பி. கேப்ப.”

இந்த நேரத்தில் காதர் பாய் கேபினில் ஏறினார். மெஷினா என்று கண்ணால் கேட்டு, என் இடது காதிலிருந்ததைப் பிடுங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார்.

“சலாம் மேடம். நானும் ஜெனிக்கு நைனாதான்.”

“என்னது?”

“அவரு ஒரு நைனா, நான் ஒரு நைனா. பொண்ணை ராக்கெட்டு பாக்க வுட்டீன்னா உனக்கு வூட்டு பிரியாணி. நீதான் துன்ன மாட்டியே, பாவம்.”

நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அந்தப் பக்கம் ‘டொக்’ என்றது. இரண்டு நொடி. பிறகு காதில் தேன் மாதிரி ஒரு குரல்.

“வணக்கம், திரு. அருளப்பன் அவர்களே. நமது உரையாடல் இடையில் நின்றுவிட்டது. தொடரலாமா?”

காதர் பாயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“இவ்ளோ நேரம் பேசுனது யாரு?” என்று கேட்டேன்.

“மன்னிக்கவும், தாங்கள் யாரைக் குறிப்பிடுகிறீர்கள் என்று தெரியவில்லை.”

துண்டைத் தூக்கினேன். போனில், ‘ஜெனி காலேஜ் மேடம்’ என்று அவளே பதிந்து வைத்திருந்த பெயர், ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வந்த அழைப்பு என்று காட்டியது. டிங் என்றதும் நான் காதைத் தட்டியது அந்த அழைப்பை எடுத்திருக்கிறது. காதர் பாய் இயர்பட்ஸைக் கழற்றி, எரிகிற பீடியை வைப்பது மாதிரி மெதுவாக சீட்டில் வைத்தார். “நான் வண்டில ஏறவே இல்ல நைனா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் ஜெனி வீட்டுக்கு வந்தபோது அவள் முகத்தில் செய்தி எதுவும் இல்லை. நாளைக்கு அப்பா நேரில் வர வேண்டும். இல்லை என்றால் அவள் இடம் அடுத்த பெண்ணுக்கு. போனில் யாரோ இரண்டு ரவுடிகளை அப்பா என்று பேச வைத்திருக்கிறாள் என்று மேடம் எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறார். நான் நடந்ததைச் சொன்னேன். சகாயமேரி சிரிக்க ஆரம்பித்தவள், மகள் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜெனியோடு கல்லூரிக்குப் போனேன். மேடம் அறை வாசலில் செருப்பை விட்டேன். அங்கே யாரும் செருப்பை விடுவதில்லை, ஆனால் கால் கேட்கவில்லை. உள்ளே சின்ன உருவமாக, கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தார். “உட்காருங்க சார்” என்றார். நான் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. நடுவில் இருந்தேன்.

ஆதார் அட்டையைக் காட்டினேன். பார்த்தார். “நீங்கதான் அப்பா, அதுல சந்தேகம் இல்ல. நேத்து உங்க ஃபோன்ல பேசின அந்த ரெண்டு பேரு யாரு?”

அதில் ஒருவன் நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “நா... நா...” என்று வந்தது. ஆட்டோ ஸ்டார்ட் ஆகாத மாதிரி. கடைசியில் ஒருவழியாக, “நான்தாங்க” என்றேன். அதுவும் எனக்கே கேட்காத குரலில்.

மேடத்தின் முகம் இளகிவிட்டது. அதுதான் பெரிய ஆபத்து. “பொண்ணைக் காப்பாத்த நீங்க பொய் சொல்ல வேண்டாம் சார். உங்களைப் பார்த்தாலே தெரியுது, நீங்க அப்படிப் பேசறவர் இல்ல” என்றார். பிறகு ஜெனியைப் பார்த்த பார்வையில் இளக்கம் இல்லை. இப்படிப்பட்ட அப்பாவை வைத்துக்கொண்டு ரவுடிகளைப் பேச வைத்தாயா என்கிற பார்வை.

“நைனா, பேசு நைனா” என்றாள் ஜெனி. அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

நான் திரும்பி வெளியே போய்விட்டேன். ஓடுகிறேன் என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருப்பார்கள். எனக்கே அப்படித்தான் இருந்தது. ஆனால் காரிடாரில் ஒரு மூலையில், சுவரில் சிவப்பாகத் தீயணைக்கிற சிலிண்டர் மாட்டியிருந்தது. அதன் முன்னால் போய் நின்றேன். காதில் இயர்பட்ஸை வைத்தேன். நேற்று வந்த நம்பருக்கு அடித்தேன். அறைக்குள் மேடம் போன் அடிப்பது காதில் விழுந்தது. எடுத்தார்.

“ஹலோ மேடம். இன்னா, தொண்ட தேவலையா இப்ப?”

சிலிண்டரைப் பார்த்தேன். அதற்குக் கண்ணாடி இல்லை, படிப்பு இல்லை, நல்ல பிள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வாய் திறந்துகொண்டது.

“நேத்து பேசுனது நான்தான். உன்ன மெஷினுன்னு நெனச்சிகினேன், மனசுல வெச்சிக்காத. பொறந்த தேதி கேட்டியே, நெஜமா எனக்குத் தெரியாது மேடம். அன்னிக்கி நான் எண்ணூர்ல வரிசைல மாட்டிகினு இருந்தேன். காதர் பாய்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடுனாரு. கொழந்தைய மொதல்ல கைல வாங்குனதே அவருதான். அதான் அவரும் நைனான்றாரு, அதுல தப்பு இன்னா கீது? எங்க மாடில நின்னா ராக்கெட்டு தெரியும், சத்தம் வராது. நானும் அப்டித்தான், வூட்ல இருப்பேன், சத்தம் வராது. அவளையாவது சத்தம் கேக்க வுடு மேடம். அப்பால, அந்த பிரியாணி நெஜம்தான். நீ துன்னுவேன்னு இப்பதான தெரியிது.”

அறைக்குள் ஒரு சிரிப்பு கேட்டது. போனிலும் கேட்டது. நிம்மதியாகத் திரும்பினேன்.

பின்னால் ஒரு வகுப்பே நின்றுகொண்டிருந்தது. எப்போது மணி அடித்தது, எப்போது கதவு திறந்தது, எதுவும் எனக்குத் தெரியாது. அத்தனை பெண்களும், தீயணைக்கிற சிலிண்டரிடம் மகளுக்காக மன்றாடிய மனிதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கை தட்டினார்கள்.

அங்கிருந்து கேட் வரை நான் எப்படி வந்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. பஸ் ஸ்டாப்பில் தார் சுட்ட பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்கலாம். அதற்குப் பதிலாக நிழல் நிழலாகக் குதித்துக் குதித்து ராயபுரம் வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் ஜெனி செருப்பை ஒரு பையில் போட்டு எடுத்து வந்தாள். முகம் முழுக்கச் செய்தி. பெயர் இருக்கிறது. “ரெண்டு நைனாவுக்கும் நன்றி சொல்லுன்னாங்க” என்றாள்.

ராக்கெட் விட்ட அன்று நான் எர்ணாவூரில் வரிசையில் இருந்தேன். டிரைவர்கள் எல்லோரும் இறங்கி வடக்கே பார்த்தோம். நெருப்புப் பொட்டு எழும்பியது. அப்போது ஜெனி கூப்பிட்டாள். ஒன்றும் பேசாமல் போனை ஆகாயத்தைப் பார்த்துப் பிடித்திருக்கிறாள். எனக்குக் கேட்டது எண்ணெயில் கருவாடு போட்ட மாதிரி ஒரு கரகரப்புத்தான். ஆனால் அதற்கு நடுவில் அவள் போட்ட கூச்சல் இருக்கிறதே, அதை மெஷின் செய்ய முடியாது. காதர் பாய் இன்னொரு இயர்பட்ஸைப் போட்டுக் கேட்டார். இந்தத் தடவை யார் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் போனைப் பார்த்துவிட்டுத்தான் காதில் வைத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் மென்று விழுங்கினால் யாரும் கோபப்படுவதில்லை. “நைனா, காரிடாருக்குப் போ” என்பார்கள். நானும் மாடிப்படிக்குப் போய் போன் செய்து, உள்ளே இருப்பவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வருவேன். மச்சானிடம் அந்தப் பந்தி விஷயத்தைக்கூட இப்படித்தான் கேட்டுத் தீர்த்தேன். அவன் ஹாலில் இருந்தான், நான் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில்.

போன மாதம் ஜெனிக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. அவள் வெளியே போயிருந்த நேரத்தில் போன் வந்தது.

“சார், நிஜ மேடம் பேசறேன்.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். வாய் திறந்தது, காற்றுத்தான் வந்தது. குழம்பு தாளித்துக்கொண்டிருந்த சகாயமேரி என்னை ஒருமுறை பார்த்தாள். கரண்டியை வைத்துவிட்டு வந்து, மாடிப்படிப் பக்கத்து வாசல் கதவை அகலமாகத் திறந்துவிட்டாள்.