முருகனுக்கு முடி, மாதாவுக்கு மீசை

எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சைக்குப் பிறகு நான் பேனா பிடித்ததெல்லாம் மீன் பையில் விலை எழுதத்தான். நாலு பேர் முன்னால் பேசு என்றால் இருமிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். கல்யாண வீட்டில் புகைப்படக்காரர் கிட்ட வந்தால் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். (தூண் இல்லாத மண்டபம் என்றால் சோற்றுச் சட்டிக்குப் பின்னால்.) அப்படிப்பட்ட ஒருவன் தன் தலையைப் பற்றியே கட்டுரை எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் இந்தக் கதையை எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் சொல்கிறார்கள், ஒவ்வொருவரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். கடைசியாகக் கேட்டபோது கதைக்குள் ஒரு பொலிஸ் நாயும் வந்துவிட்டது. நாய் வரவில்லை. அதைச் சொல்வதற்காகவாவது நான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் மன்னாரிலிருந்து வேலை அனுமதியில் ரொறன்ரோ வந்தவன். அங்கே அஜின்கோர்ட் பகுதியில் ஒரு தமிழ்க் கடையில் மீன் வெட்டினேன். மனைவி செலினும் மகள் அனுஷாவும் ஊரில். நான் விமானம் ஏறிய நாளில் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. பல் முளைத்ததையும் அவள் தாயின் தோளுக்கு வளர்ந்ததையும் தொலைபேசித் திரையில்தான் பார்த்தேன். அந்த வருடம் குளிர்காலம் தொடங்கும் முன் என் வேலை அனுமதி முடிய இருந்தது. அதற்குள் நிரந்தர வதிவிடத்துக்கு, எங்கள் ஆட்கள் சொல்லும் 'பி.ஆர்.'க்கு, வழி பிறக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அந்த வழியின் பெயர் எங்கள் ஆட்கள் வாயில் 'லொத்தர்', அதாவது அதிர்ஷ்டச் சீட்டு. என்னைப்போல ஏற்கனவே இங்கே வேலை செய்பவர்கள் தங்கள் பெயரைப் பதிந்து வைக்கலாம். இடைக்கிடை அதிலிருந்து கொஞ்சப் பெயர்களை எடுப்பார்கள். பெயர் வந்தவர்கள் பி.ஆருக்கு விண்ணப்பிக்கலாம். வராதவர்கள் அடுத்த முறை வரும்வரை வழி பார்த்திருக்கலாம். நான் பார்த்திருந்தேன், பார்த்திருந்தேன், கண் பூத்துப்போகும் வரை பார்த்திருந்தேன்.

நான் குடியிருந்தது புஷ்பம் அன்ரியின் வீட்டு நிலவறையில், பேஸ்மென்றில். அன்ரி யாழ்ப்பாணத்தவர், பெரிய முருக பக்தை. வாடகைக்கு இருப்பவனையும் வீட்டுப் பிள்ளையாக நினைத்து ஏசுவார். அவருடைய கணவரை நான் அங்கிள் என்பேன். அவருக்குத் தலையில் முடி இல்லை, வாயில் மட்டும் குறைவில்லை. ஒவ்வொரு முறை பெயர் எடுத்து முடிந்ததும் படியில் நின்று கேட்பார்:

"என்ன தம்பி, உன்ர பேர் கிடந்த பெட்டியை எலி கொண்டுபோட்டுதோ?"

எலி கொண்டுபோகவில்லை. ஒரு பின்னேரம் ஒரு அம்மாவுக்குப் பாரைமீன் வெட்டிக்கொண்டு நின்றேன். சட்டைப்பையில் தொலைபேசி துடித்தது. கையுறையைக் கழற்றிப் பார்த்தேன். என் பெயர்! விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தார்கள். வேறு யாராவது என்றால் கத்தியிருப்பார்கள். நான் கையுறையைத் திரும்பப் போட்டுக்கொண்டு மீனை வெட்டினேன், வெட்டினேன், வெட்டிக்கொண்டே இருந்தேன்.

"தம்பி, சின்னனா வெட்டச் சொன்னனான்தான். ஆனால் இது என்ன, நெத்தலியோ?" என்றார் அந்த அம்மா.

வீட்டுக்கு ஓடிப்போய் அன்ரியிடம் சொன்னேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னார்:

"உனக்கு விழுந்தா மொட்டை எண்டு முருகனிட்டை நேந்து வைச்சனான்."

"ஆருக்கு மொட்டை, அன்ரி?"

"எனக்கோ போடுறது? உனக்குத்தான்."

"நான் வேதக்காரன் எல்லோ, மாதா கோயில் ஆள்!"

"அது முருகனுக்குத் தெரியாதோ? தெரிஞ்சுதானே விழுத்தினவர்."

"அங்கிளின்ர தலையை நேந்திருக்கலாமே."

"அவரிட்டை என்ன கிடக்கு குடுக்க?"

அங்கிள் ஒன்றும் பேசாமல் தன் தலையைத் தடவிக்கொண்டார். அவர் பேசாமல் இருந்த ஒரே தருணம் அதுதான்.

செலின் என்னைக் காப்பாற்றுவாள் என்று நம்பினேன். அவள் எங்கள் ஊர்ப் பக்கத்து மடு மாதாவைத் தவிர வேறு யாரிடமும் ஒரு மெழுகுதிரிகூடக் கடன்படாதவள். தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இஞ்சருங்கோ, நானும் ஒண்டு நேந்தனான்."

"என்ன?"

"மீசை."

"என்ர மீசையோ?"

"பின்னை, என்னட்டையோ மீசை கிடக்கு?"

என் மீசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படிப்பில்லை, பேச்சில்லை, உயரமும் இல்லாத எனக்கு இருந்த ஒரே தோரணை அதுதான். கூச்சம் வரும்போது அதற்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்வேன். இப்போது மூக்குக்கு மேலே இருப்பது முருகனுக்கு, கீழே இருப்பது மாதாவுக்கு என்று இரண்டு பெண்கள் என் முகத்துக்கு எல்லை போட்டுவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

விண்ணப்பம் போட்டாயிற்று. கைரேகையும் படமும் எடுக்க ஒரு வியாழக்கிழமை குடிவரவு அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். புத்தியுள்ளவன் என்றால் அது முடியட்டும், பிறகு மொட்டை போடலாம் என்றிருப்பான். நானும் ஒருமுறை முனகிப் பார்த்தேன்.

"நேத்திக்கடனை வைச்சுக்கொண்டு அங்க போகாதை," என்றார் அன்ரி. "பாதி வழியில முருகன் கையை எடுத்திட்டார் எண்டா என்ன செய்வாய்?"

பயந்துவிட்டேன். என் பெயரை எடுத்துக் கொடுத்தது முருகனா மாதாவா என்று எனக்குத் தெரியாது. அந்த நிலையில் இரண்டு பேரில் ஒருவரையும் பகைக்கத் துணிவில்லை. அனுஷாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. புதன்கிழமை பின்னேரம் அன்ரி என்னைச் சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"முன்னுக்குக் கொஞ்சம் விடட்டோ அண்ணை? சும்மா ஒரு வடிவுக்கு," என்று முடி வெட்டும் தம்பி இரக்கத்தோடு கேட்டார்.

"ஒண்டும் விடாதை," என்றார் அன்ரி. "நிலத்தில கொட்டவும் விடாதை."

முடியைத் தண்ணீரில் விட வேண்டுமாம். அதற்காக எங்கள் கடையில் மீன் போடும் தெளிவான பிளாஸ்ரிக் பைகள் இரண்டு கொண்டுவந்திருந்தார். பெரிய பையில் முடி, சின்னப் பையில் மீசை. இரண்டும் கலக்கக்கூடாது, அது சமயப் பிரச்சினை. நான் கண்ணாடியைப் பார்த்தேன். அவித்த முட்டைக்குக் காது வைத்ததுபோல ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் ஜக்கெற்றின் இரண்டு பைகளிலும் இரண்டு சாமிகளின் பொருட்களைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அலுவலக வேலையை முடித்துக்கொண்டு அப்படியே ஏரிக்கரைக்குப் போவதாகத் திட்டம்.

அங்கே இருந்த அதிகாரி இளம் ஆள். என் பாஸ்போட்டைத் திறந்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். படத்தில் இருந்தவனுக்கு நெற்றியை மறைக்கும் சுருட்டை முடியும், ஒரு காகம் வசதியாக உட்காரக்கூடிய மீசையும் இருந்தன.

"இஸ் திஸ் யூ?"

"யெஸ், சேர்."

"யுவர் பிரதர்?"

"நோ, சேர். ஒன்லி சிஸ்டர்ஸ்."

வேறு அடையாள அட்டை கேட்டார். கொடுத்தேன். அதிலும் அதே மீசை. அவர் முகம் இறுகியது. ஆள் மாறி வந்திருக்கிறான் என்று நினைக்கிறார் என்பது எனக்கு விளங்கிவிட்டது. தெரிந்த கொஞ்ச ஆங்கிலமும் காலுக்குள் இறங்கிவிட்டது. இத்தனை வருடம் மீன் வெட்டி, பெயர் வந்து, கடைசியில் தலையால் எல்லாம் போகப்போகிறது! மனைவிக்கு என்ன சொல்வேன்? நீ நேர்ந்த மீசையால்தான் நீ வர முடியவில்லை என்றா?

அந்த நேரத்தில்தான் என் வாழ்நாளின் மிகத் துணிவான காரியத்தைச் செய்தேன். (மிக மடத்தனமான காரியம் என்று அங்கிள் சொல்வார். இரண்டும் ஒன்றாக நடக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.) பெரிய பையை எடுத்து உச்சந்தலையில் வைத்து ஒரு கையால் பிடித்தேன். சின்னப் பையை எடுத்து மூக்குக்குக் கீழே மறு கையால் பிடித்தேன்.

"மீ," என்றேன்.

அந்தப் பெரிய அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு குழந்தை மட்டும் கைதட்டியது. பையிலிருந்து மெல்ல மீன் வாடை வந்தது. அதிகாரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, தன் மேலாளரைக் கூட்டிவரப் போனார்.

வந்தவர் என் வயதுடைய ஒரு பெண். நெற்றியில் சின்னப் பொட்டு. பைகளைப் பிடித்தபடி நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரே ஒரு சொல் கேட்டார்:

"திருப்பதி?"

எனக்கு உயிர் வந்தது. தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் சாமி விஷயத்தில் பொய் சொல்லப் பயம்.

"நோ, மேடம். திஸ் முருகன்." சின்னப் பையை உயர்த்தினேன். "திஸ் ஒன், மதர் மேரி."

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பி நின்றார். தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த இளைஞருக்கு விளக்கம் சொன்னார். தான் தெலுங்குக்காரி என்றும், தனக்கு விசா கிடைத்தபோது தன் அப்பா இப்படித்தான் மொட்டையோடு விமான நிலையத்துக்கு வந்தார் என்றும் சொன்னது எனக்கு விளங்கியது. பாஸ்போட்டை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"முடியை விடு, காதைப் பார்," என்பதுபோல ஏதோ சொன்னார்.

என் காதுகள் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் வாங்கித் தந்தவை. முறம் போல இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். யாரும் அவற்றை நேர்ந்துவிடாததால் படத்தில் இருந்தபடியே இருந்தன. கண்ணும் மூக்கும்கூடச் சரிபார்க்கப்பட்டன. கையெழுத்துப் போடச் சொல்லி அதையும் பார்த்தார்கள். கடைசியில் அந்த இளைஞரே சிரித்துவிட்டு, படம் எடுக்க நிற்கச் சொன்னார்.

நான் பணிவோடு பைகளைக் காட்டிக் கேட்டேன்:

"சேர், வித் ஹெயர் ஓர் விதவுட் ஹெயர்?"

மேலாளர் அம்மா மறுபடியும் திரும்பி நின்றுவிட்டார்.

எல்லாம் முடிந்து ஏரிக்கரைக்குப் போனேன். நல்ல காற்று. முடியைத் தண்ணீரில் கொட்டினேன். பாதியை முருகன் எடுத்துக்கொண்டார், மீதியைக் காற்று என் ஜக்கெற்றிலேயே கொண்டுவந்து ஒட்டியது. மீசையை மாதாவின் பெயரைச் சொல்லி மெதுவாக விட்டேன். சுற்றிவரப் பார்த்தேன். ஆட்கள் இல்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது ஏரிக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும்.

பி.ஆர். வந்தது. செலினும் அனுஷாவும் வந்தார்கள். விமான நிலையத்தில் அவர்கள் தேடக்கூடாது என்பதற்காகவே மீசையைத் திரும்ப வளர்த்து வைத்திருந்தேன். அனுஷா தூரத்திலேயே கண்டுபிடித்து, தள்ளுவண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தோளில் முகத்தை வைத்துக்கொண்டு முதலில் கேட்ட கேள்வி, "அப்பா, அந்தப் பை ரெண்டையும் வைச்சிருக்கிறீங்களோ?"

இப்போது எங்கள் வீட்டில் யாருக்கு எது நடக்க வேண்டியிருந்தாலும் அங்கிள் படியிறங்கி வந்து, "இந்த முறை ஆரின்ர தலை?" என்று கேட்பார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். அனுஷாவின் கார் லைசென்ஸுக்கு ஒருமுறை மீசை போனது. அவள் மறுபடியும் சோதனை எடுக்க வேண்டி வந்தபோது, அது வளரும் வரைக்கும் பொறுத்திருக்கச் சொன்னார் அன்ரி. யாராவது விருந்தாளி வந்தால் மகள் இரண்டு பைகளைத் தலையிலும் மூக்கிலும் வைத்து நடித்துக் காட்டுவாள். நான் தூணைத் தேடுவேன். ஆனால் முன்புபோல அவ்வளவு வேகமாகத் தேடுவதில்லை.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். கைரேகை கொடுத்த நாளுக்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் மீன், இறைச்சி என்று மச்சம் சாப்பிடாத நாள், மீன் பக்கம் கூட்டமில்லை. பாரைமீன் அம்மா மட்டும் வந்தார். என்னைப் பார்த்து, "இதில நிண்ட பழைய ஆள் வேலையை விட்டிட்டாரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "நல்லதாப் போச்சு, அவருக்கு வெட்டத் தெரியாது," என்றார். அளவு கேட்டு, அந்த அளவுக்கு வெட்டிக் கொடுத்தேன்.