ஐம்பத்தோராம் பக்கத்து சீல்

கோவில்பட்டி வட்டாரத்தில் சீல் அண்ணாச்சியின் முத்திரையிலிருந்து தப்பித்தவை இரண்டுதான்: ஒன்று வானம், இன்னொன்று அவருடைய மனைவி. அக்கா முழுசாகத் தப்பித்தார் என்றும் சொல்ல முடியாது. அவருடைய குடையில் முத்திரையை நானே பார்த்திருக்கிறேன்.

ஊருக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த மானாவாரி ஆராய்ச்சி மையத்துக்கு அவர் நூலகர். நான் அங்கே முனைவர் பட்டத்துக்காக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். 'இது நூலகச் சொத்து' என்ற ரப்பர் முத்திரை எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். பையைச் சுற்றி நிரந்தரமாக ஓர் ஊதா வட்டம். புத்தகம், நாற்காலி, மின்விசிறி சுவிட்சு, வீட்டுக்கு வாங்கிப்போகும் கடம்பூர் போளிப் பொட்டலம் எல்லாவற்றிலும் குத்துவார்.

திருடன் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டால் என்ன செய்வது என்று, உள்ளே ஏதாவது ஒரு ரகசியப் பக்கத்திலும் முத்திரை வைப்பது நூலகக்காரர்கள் வழக்கம். அண்ணாச்சியின் ரகசியப் பக்கம் ஐம்பத்தொன்று. அந்த ரகசியம் எதிர் டீக்கடைக்காரருக்கும் தெரியும். மெலிந்த புத்தகம் வந்தால் மூஞ்சியைச் சுளிப்பார். "அம்பத்தொண்ணு இல்லாததெல்லாம் ஒரு புத்தகமால?"

பதிப்புரிமை என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து நிற்பவர் அவர். நகலெடுக்கும் இயந்திரத்தைத் துணி போட்டு மூடி, பக்கத்திலேயே காவல் இருப்பார்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு அத்தியாயம்."

"எழுதினவர்ட்ட கேட்டியால?"

"அவர் செத்து முப்பது வருசம் ஆச்சு."

"சட்டம் அறுவது சொல்லுது. இன்னும் முப்பது வருசம் பொறு. உன் ஆராய்ச்சியும் அப்பத்தான் முடியும்."

படிப்புக்காகக் கொஞ்சம் படியெடுக்க அதே சட்டம் வாசல் விட்டிருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் அவர் கண்ணுக்குத் தெரிந்ததேயில்லை.

இப்படிப்பட்டவர் முன்னால்தான் ஓர் ஆவணி மாதம் பசுவந்தனைச் சுப்பக்கா வந்து நின்றார். அவருடைய பருத்திக் காட்டில்தான் எங்கள் விஞ்ஞானி ஒருவர் மூன்று வருசம் சோதனை நடத்தியிருந்தார். மழைக்கு முன்னால் காய்ந்த மண்ணில் விதைக்கும் பூமி அது. விதை மேலாக விழுந்தால் ஒரு பொய்த் தூறலுக்கே முளைத்துக் கருகிவிடும். ரொம்ப ஆழமாகப் போனால் வெளியே வராது. எவ்வளவு ஆழம் என்பதுதான் கேள்வி. விஞ்ஞானி விடையைக் கண்டுபிடித்து, மாற்றல் வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டார். விடையை யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. கட்டுரையாக எழுதினார்.

"போன வருசம் மொத விதைப்பு அம்புட்டும் கருகிப்போச்சு தம்பி. இந்த வருசமும் போச்சுன்னா நான் காட்ட குத்தகைக்கு விட்டுட்டு தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போவணும். என் காட்டுல என்னதான் கண்டுபிடிச்சாவ?" என்றார் சுப்பக்கா.

கணினியில் தேடினேன். கட்டுரை வந்தது. அதாவது தலைப்பு வந்தது. கீழே ஒரு பூட்டுப் படம். படிக்க வேண்டுமானால் ஒரு கிடாய்க்குட்டி விலையைக் கட்டச் சொன்னது. எங்கள் நூலகம் அந்த இதழுக்குச் சந்தா கட்டவில்லை.

சுப்பக்கா திரையை எட்டிப் பார்த்தார். "என் காட்ட பாக்கதுக்கு நான் எதுக்குய்யா டிக்கெட் எடுக்கணும்?"

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பூட்டு அண்ணாச்சிக்குப் பிடிக்காமல் போனது.

"ஏலே, காடு அந்தக்கா காடு. சம்பளம் சர்க்காரு சம்பளம். கட்டுரைய சரிபாத்துத் திருத்திக் குடுத்ததும் நம்மள மாதிரி ஆளுவதானே, காசு வாங்காம? அப்ப இந்த இதழ்க்காரன் என்னல செஞ்சான்?"

"பூட்டுப் போட்டான் அண்ணாச்சி."

விஞ்ஞானிக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் நாங்களும் கேட்டோம்.

"சார், அந்த இதழுக்குப் பதிப்புரிமைய எழுதிக் குடுத்தீங்களே, அந்த ஒப்பந்தத்த படிச்சீங்களா?"

"அதெல்லாம் யாரு படிக்கா அண்ணாச்சி? கீழ ஒரு கட்டம் இருந்துச்சு, டிக் அடிச்சேன்."

மண்ணின் ஈரத்தைத் தசமப் புள்ளி வரை அளக்கிற மனிதர்! மூன்று வருச உழைப்பை ஒரு டிக்கில் தாரை வார்த்திருக்கிறார். அண்ணாச்சி அந்த ஒப்பந்தத்தை வரவழைத்து மேஜையில் விரித்தார். ஐம்பத்தோராம் பக்கம் இல்லாத ஒன்றை அவர் முழுக்கப் படித்தது அன்றைக்குத்தான். இதழ் அச்சிட்ட வடிவத்தைத் தொடக்கூடாது. ஆனால் எழுதியவர் கடைசியாகத் திருத்தி அனுப்பிய பிரதியை அவருடைய நிறுவன நூலகம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைக்கலாம் என்று அதிலேயே இருந்தது. அனுமதி இருந்தது. எட்டிப் பார்த்தவர்தான் யாருமில்லை.

மறுபடி போன். "சார், அந்தக் கடைசிப் பிரதி வேணும்."

"எங்க கிடக்கோ, தேடணும். அடுத்த மாசம் பாப்போமே."

"அடுத்த மாசம் மழை வந்துரும். நான் பஸ் ஏறி வாரேன். நீங்க தேடி முடிக்கவரைக்கும் உங்க வீட்டு வாசல்ல உக்காந்திருக்கேன். சாப்பாடு மட்டும் போட்டாப் போதும்."

டீ ஆறுவதற்குள் பிரதி வந்துவிட்டது.

நான் படித்துச் சொன்னேன். முடிவு ஒரே வரி: மூன்று விரற்கடை ஆழம். சுப்பக்கா சிரித்த சிரிப்பில் எங்கள் மையத்தின் மானம் கப்பலேறியது. "இத வாய்தொறந்து சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே! இதுக்காய்யா இம்புட்டுப் பூட்டு?"

தமிழில் அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி பழக்கத்தில் முத்திரையை ஓங்கினார். 'இது நூலகச் சொத்து.' கை அந்தரத்தில் நின்றது. மறுநாள் பஜாருக்குப் போய்ப் புது முத்திரை செய்துகொண்டு வந்தார்: 'யாரும் படிக்கலாம். யாரும் படியெடுக்கலாம்.' அதைக் குத்தித்தான் தாளைக் கொடுத்தார்.

புத்தி வந்தது என்று நினைக்க வேண்டாம். முத்திரைதான் மாறியது, பைத்தியம் அதேதான். என் நாட்குறிப்பில் குத்தினார். இயக்குநரின் விடுப்பு விண்ணப்பத்தில் குத்தினார். போளிப் பொட்டலத்திலும் குத்தினார். 'யாரும் எடுக்கலாம்' என்று நாங்கள் படித்துக்கொண்டதில் அன்று வீட்டுக்கு வெறும் பொட்டலம் போயிற்று. மையத்தில் எவர் கட்டுரை வெளிவந்தாலும் கடைசிப் பிரதியைப் பிடுங்கி நூலகத் தளத்தில் ஏற்றினார். எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் தன் கட்டுரையைத் தன் நூலகத்தில் வைக்கும் உரிமை எழுதியவரை விட்டுப் போகாதபடி பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தச் சொல்லி டெல்லிக்கு மனு மேல் மனு அனுப்பினார். டெல்லி பெரிய இடம், பதில் போடாது.

அந்த வருசம் பொய்த் தூறல் வந்தது. பக்கத்துக் காடுகளில் முளைத்துக் கருகியது. சுப்பக்காவின் விதை அசையாமல் கிடந்து, பெருமழைக்குப் பின் எழுந்தது. அடுத்த ஆவணியில் அவர் நூலகத்துக்கு ஒரு தாளோடு வந்தார். எங்கள் அரைப்பக்கம்தான். ஊரெல்லாம் நகலுக்கு நகல் எடுத்ததில் எழுத்து முக்கால்வாசி அழிந்திருந்தது. முத்திரை மட்டும் திட்டாகத் தெரிந்தது.

"அண்ணாச்சி, இது படிக்க முடியல. புதுசா ஒண்ணு போட்டுத் தாங்க. குளத்தூர்க்காரவிய கேக்காவ."

நகல் இயந்திரத்தின் மேலிருந்த துணியை எடுத்து அண்ணாச்சி அதன் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அப்புறம் அந்தத் துணியைத் திரும்பப் போடவேயில்லை.

இப்போது வேறு ஊரில், வேறு பெரிய நூலகத்தில் வேலை செய்கிறேன். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் என் கை முதலில் ஐம்பத்தோராம் பக்கத்தைத்தான் புரட்டுகிறது.