குறையாத டீ

பரவை,
திங்கட்கிழமை.

அன்பு மகன் செல்வக்குமாருக்கு அப்பா மலைச்சாமி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் மகள் ரோகிணியும் நலம். திருப்பூரில் நீயும் மருமகளும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்ததும் சினிமாப் படிப்புதான் என்று ரோகிணி ஒற்றைக்காலில் நிற்பதும், "தாத்தா சரின்னா சரி" என்று நீ அதை என் தலையில் கட்டியதும் உனக்கு நினைவிருக்கும். கூடாது என்று சொல்லத்தான், சனிக்கிழமை அவள் பள்ளிக்கூடத்துச் சினிமா வகுப்புப் பிள்ளைகளோடு நானும் வேனில் ஏறினேன். மதுரையில் ஒரு கல்லூரியைப் பார்த்து, அங்கே படித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று தெரிந்துவர ஏற்பாடு. "பெரியவுக வரக்கூடாதுன்னு விதி இல்லைங்கய்யா. ஆனா..." என்று இழுத்தார் சரண்யாதேவி டீச்சர். "அப்ப வாரேன்" என்று முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

கல்லூரியில் முதல் அறையே சரியில்லை. சுவர் முழுக்கப் பச்சை. நான் விவசாயச் சங்கத்துப் பச்சைத் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்கிறேன், எதிரே டிவியில் பார்த்தால் பனிமலை தெரிகிறது, மலைக்கு மேலே என் தலை தெரிகிறது, தோளையும் நெஞ்சையும் காணோம்! பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "பச்சையா எது இருந்தாலும் மறைஞ்சிரும்ங்கய்யா, துண்டை எடுத்துருங்க" என்றார் அங்கே பாடம் நடத்தும் கிரிதர் சார். கலெக்டர் முன்னாலேயே எடுக்காத துண்டு. "உங்க சுவத்தை மாத்துங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, கோபத்தில் பக்கத்திலிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அது தண்டவாளத்தில் ஓடுகிற கேமரா வண்டியாம். என்னைத் தூக்கிக்கொண்டு ஓடி, மதியத்துக்கு வைத்திருந்த புளியோதரைப் பொட்டலங்களில் மோதித்தான் நின்றது.

"தாத்தா, இன்னைக்கு ஒருநா மட்டும் சும்மா இருங்களேன்" என்றாள் ரோகிணி. கண்ணில் தண்ணீர். சரி என்று வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு மாணவர்கள் எடுத்து, பரிசும் வாங்கிய ஒரு குறும்படத்தைப் போட்டார்கள். வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பையன் அழுதுகொண்டே டீ குடிக்கிறான். பாதி கிளாஸ் காலி. கேமரா எதிரே நிற்கும் ஒரு பெண்பிள்ளை பக்கம் போய்த் திரும்புகிறது, கிளாஸ் நிறைய டீ! எவ்வளவு நேரம்தான் பொறுப்பது? "நிறுத்துங்கப்பா! குடிக்கக் குடிக்க டீ ஏறுது!" என்று எழுந்துவிட்டேன். திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். ஏறித்தான் இருந்தது. இடது கைக் கடிகாரம் வலது கைக்குப் போனது, காலையில் விழ வேண்டிய நிழல் சாயங்காலத்துப் பக்கம் விழுந்தது என்று பதினொரு தப்பு சொன்னேன், செல்வக்குமார், பதினொன்று!

கிரிதர் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புட்டு வாட்டி பாத்திருக்கோம், எங்க கண்ணுல படலையே! இதுக்குன்னே சினிமாவுல ஒரு வேலை இருக்குங்கய்யா, கன்டினியூட்டின்னு. படம் எடுத்து முடியுற வரைக்கும் கூடவே இருந்து, இந்த மாதிரி தப்பைக் கண்டுபிடிச்சுச் சொல்றது."

"அதுக்குச் சம்பளமா?"

"ஆமாங்கய்யா."

வீட்டிலும் சங்கத்திலும் நான் இத்தனை காலம் இனாமாகச் செய்து கெட்ட பெயர் வாங்கிய வேலையப்பா அது! எனக்கு இருப்பே கொள்ளவில்லை. ரோகிணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தாத்தா, அப்ப நான் சேரலாமா?" என்றாள். "சேராம?" என்றேன்.

ஆகவே நீ மறுபேச்சுப் பேசாமல் சம்மதிக்க வேண்டியது. விண்ணப்பத்தை அங்கேயே நானே என் கையால் நிரப்பிக் கொடுத்துவிட்டேன். அவளைத் தொடக்கூட விடவில்லை.

உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், வந்தால் என் கண்ணில் முதலில் படட்டும் என்று வாழ்த்தும்,
அப்பா மலைச்சாமி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கல்லூரியிலிருந்து போன். 'விண்ணப்பிப்பவர் பெயர்' என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறதாம். விண்ணப்பித்தது நான்தானே, வேறு யார் பெயரை எழுதுவது? பன்னிரண்டாம் வகுப்பு எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறீர்கள் என்றார்கள். நான் ஐந்தாவதோடு நின்று, மிச்சத்தை நானாகப் படித்தவன். உங்கள் விதியில்தான் தப்பு, திருத்துங்கள், என் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தாத்தாவோடு ஒரே வகுப்பில் உட்கார மாட்டேன், பி.காம். போறேன் என்று ரோகிணி இப்போது கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். நீதான் போனில் எடுத்துச் சொல்ல வேண்டும். இம்புட்டுப் பிடிவாதம் யாரைக் கொண்டு வந்ததோ தெரியவில்லை.