ஆதாரம் கேட்கும் ஆசாமி

கொசு உற்பத்தியாவதற்குத் தேங்கிய தண்ணீர் போதும். நான் இங்கே அறிமுகம் செய்யப்போகிற ஜீவராசி உற்பத்தியாவதற்கு, நாலு பேர் எழுதிப் போடுகிற ஓர் இணையக் கருத்துக்களம் போதும். அது எதைப் பற்றிய களம் என்பது முக்கியமே இல்லை. தூண்டில் போடுகிறவர்கள் களமா, பழைய டிராக்டர் பிரியர்கள் களமா, பூனை வளர்ப்பவர்கள் களமா, எதுவானாலும் சரி, ஆசாமி உள்ளே வந்து, ஒரு நாள் இரண்டு நாள் பூனையைப் பற்றியே பேசி, எல்லோரும் அசந்திருக்கிற நேரம் பார்த்துச் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு அமெரிக்க அரசியலை ஆரம்பித்துவிடுவார். ஆரம்பித்தால் நிறுத்துவாரா? மாட்டார். இவருக்கு நான் வைத்திருக்கிற பெயர் ஆதாரம் கேட்கும் ஆசாமி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? விஸ்கான்சினில், எங்கள் மாவட்டத்தில், ராட்சதப் பரங்கிக்காய் வளர்ப்பவர்களின் கருத்துக்களத்துக்கு நான்தான் மாடரேட்டர். ஒருவர் கேள்வி போட்டு, அதன் கீழே மற்றவர்கள் வரிசையாக எழுதிக்கொண்டே போவதற்கு இழை என்று பெயர். சண்டை முற்றினால் இழையைப் பூட்டுவது என் வேலை. சம்பளம் கிடையாது. வசவு உண்டு, இரண்டு கட்சிகளிடமிருந்தும், பாகுபாடில்லாமல்.

போன ஜூலையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பாவம், பரங்கி இலையில் வெள்ளையாகப் பூஞ்சை படர்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். முதலாமவர், பாலில் தண்ணீர் கலந்து தெளியுங்கள் என்றார். நல்ல பதில். இரண்டாமவர், இதற்கு அருமையான மருந்து ஒன்று கடையில் கிடைத்தது, இந்த ஆட்சியில்தான் காணாமல் போய்விட்டது என்றார். மூன்றாமவர், அந்த மருந்தைத் தடை செய்ததே உங்கள் ஆள்தான் என்றார். நாலாமவர் அரசியல் சாசனத்துக்குப் போய்விட்டார். பிறகு தேசத்தை நிறுவிய பெரியவர்கள் கல்லறையிலிருந்து கூட்டி வரப்பட்டார்கள். அவர்கள் இன்று இருந்திருந்தால் யாருக்கு ஓட்டுப் போட்டிருப்பார்கள் என்று பக்கம் பக்கமாக விசாரணை நடந்தது. நடுவே அந்தப் பெண், "இலை எல்லாம் கருகிவிட்டது, நன்றி" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அவர் யாருக்கு நன்றி சொன்னார் என்பது குறித்தும் சர்ச்சை எழுந்தது.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி எங்கள் ஆர்வின் தீல்கே. வீடுகளுக்கு ஹீட்டர் ரிப்பேர் பார்த்து ரிட்டையரானவர். நேரில் பார்த்தால் தங்கமான மனிதர். நீங்கள் அவர் காலை மிதித்தால் அவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்பார். பனி கொட்டினால் தன் வாசலோடு பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்து வாரிவிட்டு, சொல்லாமல் போய்விடுவார். அதே மனிதர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டால், அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கே தேசத்துரோகி என்று பட்டம் சூட்டி, கையோடு, "உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி?" என்றும் கேட்பார்.

அவர் எந்தக் கட்சி? சின்னம் யானையா, கழுதையா? சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் இந்த இடத்தோடு சிரிப்பதை நிறுத்திவிடுவீர்கள், மற்றப் பாதி தேவைக்கு மேல் சிரிப்பீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். எதிர்க்கட்சி ஆள் அதிபராக இருக்கும்போது பெட்ரோல் விலையை அதிபரே காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன்னால் ஏற்றிவிடுகிறார். தன் கட்சி ஆள் வந்துவிட்டால் அது உலகச் சந்தை, யார் என்ன செய்ய முடியும்? எதிர்க்கட்சி ஆட்சியில் தேசத்தின் கடன் பேரப்பிள்ளைகளின் கழுத்தில் கட்டிய கல். தன் ஆட்சியில், கடன் இல்லாத குடும்பம் எது ஐயா?

"நான் எந்தக் கட்சியும் இல்லை, ஆனால்" என்று ஆரம்பிப்பார். "உங்க ஆள் செஞ்சப்போ நீங்க எங்க போயிருந்தீங்க?" என்பார். எல்லாவற்றுக்கும் மேலே, "ஆதாரம் இருக்கா?" என்பார். சூரியன் கிழக்கே உதித்தது என்று எழுதினாலும் ஆதாரம் இருக்கா? ஆதாரம் கொடுத்தால், அதைப் போட்ட பத்திரிகை யாருடையது என்பார். மாதம் ஒரு முறை, "இத்துடன் இந்தக் களத்தை விட்டு நிரந்தரமாக விலகுகிறேன்" என்று நீளமாகப் பிரியாவிடைப் பதிவு போடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் திரும்பி வந்து, யார் யார் வருத்தப்பட்டிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார். யாரும் வருத்தப்படவில்லை என்றால், அதற்கும் ஒரு பதிவு.

அவருடைய பரம எதிரி நார்பர்ட் கிரெம்ஸ்கி, எங்கள் ஊர் இரும்புச் சாமான் கடைக்காரர், நேர் எதிர்க் கட்சி. அவரும் இதே இனம்தான், மீசை மட்டும் கூடுதல். வேடிக்கை என்னவென்றால், போன வருஷம் ஆர்வின் நட்ட விதை நார்பர்ட் கொடுத்தது, அவருடைய பரிசுக் காயிலிருந்து எடுத்தது. ஒரு பக்கம் விதையைக் கவரில் போட்டு அன்பாக அனுப்புவார், மறு பக்கம் களத்தில், "உன்னைப் போன்றவர்களால்தான் நாடு குட்டிச்சுவராகிறது" என்று எழுதுவார். இரண்டிலும் பொய் இல்லை.

அந்த விதை வளர்ந்த வளர்த்தியை என்னவென்று சொல்வேன்? காய் ஒரு கறவைப் பசுவின் கனம் இருக்கும். ஆர்வின் வருஷா வருஷம் மாவட்ட எடைப் போட்டிக்குப் போய், வருஷா வருஷம் கைதட்டிவிட்டுத் திரும்புகிறவர். ஜெயித்தவருக்கு மேடையில் ஓர் ஆரஞ்சு நிறக் கோட்டுப் போர்த்துவார்கள். வாழ்நாளில் ஒரு தடவை அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் மனிதருக்கு ஆசை, வேறு ஆசையே கிடையாது. கோடை முழுக்கக் காய்க்குப் பகலில் குடை பிடித்தார், குளிருக்குக் கம்பளி போர்த்தினார். அந்த வருஷம் கோட்டு அவருக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் மனைவி ஜோலீன் அந்தக் கோட்டுக்குப் பொருத்தமாக ஒரு சட்டைகூட இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனைதான். காயில் கீறல் விழுந்து உள்ளே தெரிந்தால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள்.

இவ்வளவு பெரிய காயை எப்படி வண்டியில் ஏற்றுவது? அதற்குச் சுற்றிலும் கைப்பிடி வைத்துத் தைத்த வட்டமான தார்ப்பாய் ஒன்று உண்டு. காயை அதன்மேல் உட்கார வைத்து, சுற்றி நின்று ஆளுக்கொரு கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்க வேண்டும். களத்தில், "தூக்க ஆள் வேண்டும்" என்று ஓர் இழை போட்டால் அக்கம்பக்கத்து உறுப்பினர்கள் வந்துவிடுவார்கள். களம் ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிற வழக்கம். தூக்கி முடித்ததும் வீட்டுக்காரர் காப்பியும் டோனட்டும் கொடுப்பார். மாவட்டத்தில் அந்தத் தார்ப்பாயை வைத்திருப்பவர் ஒருவர்தான். யார்? நார்பர்ட்.

ஆர்வின் இழை போட்டார். "சனிக்கிழமை காலை என் காயைத் தூக்க ஆள் வேண்டும்." அதோடு விட்டிருக்கலாம் அல்லவா? விட்டால் அவர் ஆர்வினா? கீழே இன்னொரு வரி சேர்த்தார்: "தேசத்தை நேசிப்பவர்கள் மட்டும் வரவும்."

போச்சு. அவர் கட்சிக்காரர்கள் திரண்டு வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்கள். தூக்க வருகிறேன் என்று ஒருவர்கூட எழுதவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள், தேசத்தை யார் அதிகம் நேசிக்கிறார்கள் என்று நிரூபிக்க இறங்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் இழையைப் பூட்டினேன். அப்போதும் தார்ப்பாய்க்கு வழியில்லை. ஜோலீன் கைப்பையை எடுத்துக்கொண்டு நேராக நார்பர்ட்டின் கடைக்கே போய்விட்டார். அங்கே ஆணி பொறுக்கிக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்தேன்.

"நார்பர்ட், நாளைக்கு நீங்க வரணும்."

"உங்க வீட்டுக்காரர் எழுதினதப் படிச்சீங்களா?"

"நான் எதுக்குப் படிக்கறேன்? கூடவே குடித்தனம் பண்றேனே, போதாதா? காய் உங்க விதை. உங்க பேரப்பிள்ளைன்னு நெனச்சுக்கிட்டு வாங்க."

நார்பர்ட்டுக்கு மீசை துடித்தது. "பாய எடுத்துட்டு வர்றேன்," என்றார்.

சனிக்கிழமை காலை நார்பர்ட் தார்ப்பாயோடு, காயை ஏற்றத் தன் வண்டியில் ஒரு டிரெய்லரையும் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்து அவர் கட்சிக்காரர்கள் வந்தார்கள். அவர்களைப் பார்த்து, விட்டுக்கொடுப்பதா என்று ஆர்வின் கட்சிக்காரர்களும் வந்தார்கள். நானும் ஒரு கைப்பிடி பிடித்தேன். ஜோலீன் டோனட் தட்டோடு படியில் நின்று சட்டம் போட்டார்.

"வண்டியில ஏத்தி முடிக்கற வரைக்கும் யாரும் தேர்தல், ஆட்சி, வரி, எதையும் பேசக் கூடாது. பேசுனா டோனட் கெடையாது."

எல்லோரும் பள்ளிப் பிள்ளைகளாகத் தலையை ஆட்டினார்கள். தூக்கினோம். காய் எழுந்தது. எங்கள் முகமெல்லாம் காய் நிறத்துக்கு வந்துவிட்டது. டிரெய்லரை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். அந்த அமைதியில் நார்பர்ட், நல்ல மனசோடுதான், ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினார்.

"டிரெய்லர் கனம்ப்பா. இழுத்துட்டு வர்றதுக்குள்ள பாதி டாங்க் காலி."

"பெட்ரோல் விக்கற விலைக்கு நல்லா காலியாகும்," என்றார் அவர் பக்கத்திலிருந்த இன்னொருவர்.

ஆர்வின் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு அடி பொறுத்தார். அந்த நாலு அடிக்காக நான் அவரை இன்றும் மதிக்கிறேன். ஐந்தாவது அடியில், "போன ஆட்சியில இதவிட ஜாஸ்தி," என்றார்.

"யாரு சொன்னா?" என்றார் நார்பர்ட்.

"ஊருக்கே தெரியும்."

"ஆதாரம் இருக்கா?"

இந்தக் கேள்வியை ஆர்வினிடம் கேட்கலாமா? அவர் ஜேபியில் கைப்பேசி இருந்தது. கைப்பேசியில் படம் இருந்தது, ஆண்டுவாரியாக, அம்புக்குறி போட்டு. அவர் வலது கை கைப்பிடியை விட்டுவிட்டு ஜேபிக்குப் போனது. அவர் ஆதாரத்தை எடுக்கிறார் என்று கண்ட நார்பர்ட்டின் கை தன் ஆதாரத்தை எடுக்கப் போனது. அதைப் பார்த்து இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், எல்லோரிடமும் ஆதாரம் இருந்தது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. "பூட்டியாச்சு, பூட்டியாச்சு," என்று கத்தினேன்.

தார்ப்பாய் சாய்ந்தது. காய் மெதுவாக, எங்கே போகலாம் என்று யோசிப்பதுபோல ஒரு பக்கம் உருண்டு, தரையில் விழுந்து, இரண்டாகப் பிளந்தது.

ஆர்வின் மண்டியிட்டு, பிளவுக்குள் கையை வைத்துக்கொண்டு அழுதார். சத்தமில்லாமல்தான் அழுதார். ஜோலீன் தட்டைப் படியில் வைத்துவிட்டு வந்து அவர் முதுகில் கை வைத்தார். நார்பர்ட் மறுபக்கம் மண்டியிட்டு, சதையை விலக்கிப் பார்த்தார்.

"விதை நல்லா முத்தியிருக்கு ஆர்வின். அடுத்த வருஷத்துக்கு ஆகும்."

"பாதி நீ எடுத்துக்க."

"சரி."

இரண்டு பேரும் சேர்ந்து விதை பொறுக்கினார்கள். ஜோலீன் சட்டத்தைத் தளர்த்தி எல்லோருக்கும் டோனட் கொடுத்தார். அடடா, மனிதர்கள் திருந்திவிட்டார்கள், இனி என் மாடரேட்டர் உத்தியோகத்துக்கு வேலையில்லை என்று நெஞ்சு நிறைந்து வீட்டுக்குப் போனேன். களத்தைத் திறந்தேன். ஆர்வின் புதிய இழை போட்டிருந்தார்: "முதலில் கையை எடுத்தது எந்தக் கட்சி?" அதன் கீழே முதல் பதில் நார்பர்ட்டுடையது. இரண்டே சொல். என்ன என்று உங்களுக்கே தெரியும்.

அந்த இழை இன்னும் ஓடுகிறது. நான் பூட்டவில்லை, அலுத்துவிட்டது.

நீங்கள் இந்த இனம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் இப்போது உள்ளே ஒரு சின்னக் குறுகுறுப்பு இருக்கிறது, இல்லையா? இரண்டு கட்சியையும் ஒரே தட்டில் வைத்துவிட்டானே, உண்மையில் தப்பு யார்மேல் என்று இவனுக்கு விளக்கமாக எழுதிப் போட்டால் என்ன என்று விரல் துடிக்கிறதா? தாராளமாக எழுதுங்கள். களத்தில் இடம் இருக்கிறது. எழுதுவதற்கு முன்னால், கையில் இருப்பது காப்பியோ, குழந்தையோ, எதுவானாலும் மெதுவாகக் கீழே வைத்துவிடுங்கள்.