நடமாடும் கம்பம்

விடிந்தும் விடியாத வேளையில் கடற்கரை மேற்பார்வையாளர் அரசாங்கக் கம்பம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கம்பம் மணலை விட்டு வருவேனா என்று அடம்பிடித்தது.

"வந்துடு ராசா, நல்ல பிள்ளையில்லே" என்று அதன் காதில் கெஞ்சினார். கல்யாணமான புதிதில் மனைவியிடம்கூட அவர் இத்தனை குழைந்து பேசியதில்லை.

அலைச்சறுக்குக்குப் பேர்போன கடற்கரை அது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பலகையும் கையுமாகத் தண்ணீரில் இறங்குவார்கள். அலைகள் அப்படி. சோம்பேறிகூட அதில் ஏறி நின்றால் கொஞ்ச தூரம் முன்னேறிவிடுவான். கடல் என்னவோ தாராளமாகத்தான் அலையைக் கொடுத்தது. ஆனால் போகும்போது ஒவ்வொரு தடவையும் மணலில் ஒரு வாய் அள்ளிக்கொண்டு போனது.

மாதம் ஒரு முறை அந்தக் கம்பத்திலிருந்து தண்ணீர் விளிம்பு வரை டேப் பிடித்து, மணலின் அகலத்தைத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்வது மேற்பார்வையாளரின் வேலை. அகலம் ஒரு வரம்புக்குக் கீழே போய்விட்டால் மணலில் இருக்கும் கடையைப் பிரித்துவிட்டுப் பாறாங்கல் கொட்டிவிடுவார்கள். கல் விழுந்தால் அலையின் லட்சணம் போய்விடும். அப்புறம் சறுக்குவதற்கு மீன்கள்தான் வர வேண்டும்.

மணலில் இருந்த கடை ஒன்றே ஒன்று. அதை நடத்தியது மேற்பார்வையாளரின் மனைவி.

பலகை வாடகைக்கு விடும் குடிசை அது, ரோட்டுக்குக் கொஞ்சம் கீழே. அவளுடைய அப்பா கட்டிக்கொடுத்தது. "கட்டும்போது நடுக்காலுக்குப் பள்ளமே தோண்டல மாப்பிள்ளை, எல்லாம் தானா அமைஞ்சுது" என்று அந்த மனிதர் இன்றைக்கும் பெருமை பேசுவார். அவர் சொன்ன நடுக்கால் துருப்பிடித்த இரும்பு. உள்ளே நுழையும்போதெல்லாம் மேற்பார்வையாளர் அதில் நெற்றியை இடித்துக்கொள்வார். குடிசை போய்விட்டால் நெற்றிக்கு நல்லதுதான். ஆனால் மனைவி வீட்டில் உட்கார்ந்துவிடுவாள். அவள் முழுநேரமும் வீட்டில் இருந்த ஒரு மழைக்காலம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அதோடு, அந்தக் குடிசை வாசலில் அவள் பலகைகளுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டு பாட்டு முணுமுணுப்பதைப் பார்க்காமல் அவருக்கு ஒரு நாளும் பொழுது விடிந்ததில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொல்லவே மாட்டார்.

ஆகவே கம்பத்தைக் கொஞ்சம் ரோட்டுப் பக்கம் நகர்த்தி நட்டார். கடற்கரை மளமளவென்று அகலமாகிவிட்டது. காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, கம்பத்தின் மேல் தொங்கிய ஈரத் துண்டை மறுபடி ஒழுங்காகப் போட்டார்.

துண்டு கப்பலுடையது. கப்பல் என்பது அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர். ஓய்வு பெறுவதற்குள்ளேயே அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள ஆரம்பித்து, பலகையில் ஏறியதும் மூழ்கிவிடுவதால் அந்தப் பட்டப்பெயர். இன்றுவரை கற்றுக்கொண்டிருக்கிறார். பொறுப்பை ஒப்படைத்த அன்று ரோட்டோரம் நின்று வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு முகவாயை மட்டும் கடல் பக்கம் நீட்டி, "ம்ம்... கம்பம்" என்றார். முகவாய் போன திசையில் மணலில் ஒரு கம்பம் தெரிந்தது. பயிற்சி முடிந்தது.

அதற்கப்புறம் எதைக் கேட்டாலும், "ஆபீஸ் பேச்சு மட்டும் என்கிட்ட வேண்டாம் தம்பி" என்று பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் போய்விடுவார்.

மறுநாள் அளந்தார் மேற்பார்வையாளர். தான் நகர்த்தியதைவிட மணல் கூடியிருந்தது. கடலுக்கே மனசு இளகிவிட்டது என்று நினைத்தார். அந்த எண்ணம் அவருக்கு அழகாகவே இருந்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த மாதமும் விடியலில் போனார். கம்பத்தை ஏற்கெனவே ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி.

"நீ இங்க என்ன பண்றே?"

"நடக்க வந்தேன். நீங்க?"

"நானும்தான்."

"கம்பத்தோடவா?"

"நீ மட்டும்?"

அவள் கம்பத்தைக் கீழே வைத்தாள். "உங்க வேலை, நீங்க நேர்மையா இருப்பீங்க. யாராவது ஒருத்தர் வீட்டுல விவரமா இருக்க வேண்டாமா?"

அவர் பதில் யோசிப்பதற்குள் குடிசைக்குப் பின்னாலிருந்து ஒரு கடப்பாரை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவளுடைய தம்பி வந்தான். அலைச்சறுக்கு சொல்லிக்கொடுப்பவன். அலையில்லாவிட்டால் அவனுக்கு வேலையில்லை. வேலையில்லாவிட்டால் அவன் அக்கா வீட்டில்தான் இருப்பான்.

"நான் சும்மா... நண்டு பிடிக்க" என்றான் மச்சினன்.

"கடப்பாரையாலயா?"

"பெரிய நண்டு மாமா."

வந்தது வந்துவிட்டோம் என்று மூன்று பேருமாகக் கம்பத்தைத் தூக்கினார்கள்.

அந்த மாதம் கம்பம் குடிசையைத் தாண்டி ரோட்டோரம் போய் நின்றுவிட்டது. அளக்கும்போது டேப் குடிசையின் பின்வாசலில் நுழைந்து, பலகைகளுக்கு நடுவே புகுந்து, இரும்பு நடுக்காலில் ஒரு வளைவு வளைந்து, முன்வாசல் வழியாகக் கடலுக்குப் போனது. மனைவி அதைத் தாண்டித் தாண்டி வாடிக்கையாளர்களைக் கவனித்தாள்.

"என்னங்க, சீக்கிரம் அளந்து முடிங்க. வர்றவங்க தடுக்கி விழறாங்க."

கப்பல் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார். "அம்மாடி, என் துண்டைப் பார்த்தியா? எந்தக் காலத்துலயும் வச்ச இடத்துல இருக்கறதில்ல."

"ரோட்டோரம் தொங்குது பாருங்க. அரசாங்கக் கம்பத்துல துண்டு போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார் மேற்பார்வையாளர்.

"ஆபீஸ் பேச்சு வேண்டாம்" என்றபடி கப்பல் போய்விட்டார்.

தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அதிகாரி பேசினார். குரலில் தேன் வழிந்தது.

"ஊரெல்லாம் கடற்கரை தேயுது. உங்களுது மட்டும் இட்லி மாவு மாதிரி பொங்குதே. எப்படி?"

"எல்லாம் தானா அமைஞ்சுது சார்."

"ரொம்ப சந்தோஷம். உங்ககிட்ட உபரியா இருக்கற மணலை வேற கடற்கரைக்கு எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். லாரி வருது."

மேற்பார்வையாளர் போனை வைத்துவிட்டுக் குடிசைக்கு ஓடி, நடுக்காலில் முட்டிக்கொண்டு, நெற்றியைத் தடவியபடி விஷயத்தைச் சொன்னார்.

"இருக்கற மணலையும் அள்ளிட்டுப் போறதுக்கா நாம இந்தப் பாடு பட்டோம்?" என்றாள் மனைவி.

"சுலபம் மாமா. கம்பத்தைக் கடல் பக்கம் நகர்த்துவோம். கடற்கரை சின்னதாயிடும். லாரி திரும்பிப் போயிடும்."

"ஒருத்தர் மட்டும் நகர்த்தணும்" என்றார் மேற்பார்வையாளர் கண்டிப்பாக. "ஒரே தடவை. அளவா. நானே பார்த்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் தூங்குங்க."

இரண்டு பேரும் சரியென்று தலையாட்டினார்கள். அந்தக் குடும்பத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையாட்டினால் யாரும் கேட்கப் போவதில்லை என்று அர்த்தம். அவர் இதை மறந்துவிட்டார்.

விடியலில் அவர் போய் நகர்த்திவிட்டு வந்து நிம்மதியாகப் படுத்தார். இவர் எங்கே செய்திருக்கப் போகிறார் என்று மனைவி போய் நகர்த்தினாள். இவர்கள் இருவரையும் நம்பி என்ன ஆகப்போகிறது என்று மச்சினன் போய், கடப்பாரை இருக்கும் தைரியத்தில், தாராளமாக நகர்த்தினான்.

காலையில் டேப்போடு போன மேற்பார்வையாளர் கரையில் கம்பத்தைக் காணாமல் திகைத்தார். அப்புறம் பார்த்தார். முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று அது குளித்துக்கொண்டிருந்தது. உச்சியில் கப்பலின் துண்டு கொடி மாதிரிப் பறந்தது. ஒரு சறுக்குக்காரன் அதைச் சுற்றிக்கொண்டு போனான்.

கம்பத்திலிருந்து தண்ணீர் விளிம்புக்கு அளக்க வேண்டும் என்பது விதி. அவர் அளந்தார். கடலிலிருந்து கரையை நோக்கி அளக்க வேண்டியிருந்தது. கடற்கரையின் அகலம் பூஜ்யத்தைவிடக் குறைவு என்று தலைமை அலுவலகத்துக்குச் சொன்னார்.

அதிகாரி, "நானே வரேன்" என்றார். தேன் தீர்ந்திருந்தது.

மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். மடிப்புக் கலையாத பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, கம்பத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, குடிசைக்குள் வந்து உட்கார்ந்தார். வரும்போது நடுக்காலில் இடித்துக்கொண்டார். மேற்பார்வையாளருக்கு அவர் மேல் சட்டென்று ஒரு பாசம் வந்தது.

"போன மாசம் ரோடு வரைக்கும் மணல். இந்த மாசம் கடற்கரையே கடலுக்குள்ள. இப்படி ஒரு அரிப்பை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல" என்றார் அதிகாரி. "லாரி வரும். மணல் அள்ளறதுக்கு இல்ல, கல்லு கொட்டறதுக்கு. இந்தக் குடிசையை இன்னைக்கே பிரிச்சாகணும்."

மனைவி மெழுகுக் கட்டியைக் கீழே வைத்தாள். மெழுகு தேய்க்காமல் அவள் நின்று மேற்பார்வையாளர் பார்த்ததே இல்லை.

"சார், வெளியில பாருங்க. எவ்வளவு மணல் கிடக்கு" என்றாள்.

"கண்ணு சொல்றதை நான் எடுத்துக்க முடியாதும்மா. கம்பம் சொல்றதைத்தான் எடுத்துக்கணும்."

"கம்பம் நகர்ந்திருந்தா சார்?" என்று மச்சினன் வாயை விட்டான். அக்கா அவன் காலை மிதித்தாள்.

அதிகாரி மெதுவாகத் திரும்பினார். "நகராது. அளவுக் கம்பத்தை அசைக்கறது பெரிய குற்றம். அதை மட்டுமில்ல, அதைத் தொட்டுக்கிட்டு நிக்கற ஒரு செடியைக்கூட யாரும் பிடுங்க முடியாது. என்னாலயும் முடியாது, எனக்கு மேல இருக்கறவராலயும் முடியாது. அதுதான் சட்டம். ஏன் கேக்கறே, யாராவது தொட்டீங்களா?"

மச்சினன் மிதிபட்ட காலை மெதுவாக இழுத்துக்கொண்டான்.

மேற்பார்வையாளர் மனைவியைப் பார்த்தார். கீழே கிடந்த மெழுகைப் பார்த்தார். வேலை போனால் போகட்டும், குடிசை நிற்கட்டும் என்று முடிவு செய்து தொண்டையைக் கனைத்தார்.

"நான்தான் சார் நகர்த்தினேன்."

"பொய் சார், நான்தான்" என்றாள் மனைவி.

"ரெண்டு பேருக்கும் அவ்வளவு பலம் கிடையாது சார்" என்றான் மச்சினன், கொஞ்சம் பெருமையாகவே.

அதிகாரி ஒருவர் முகத்தையும் விடாமல் பார்த்தார். "யாரு தொட்டது? ஒழுங்கா ஒருத்தர் சொல்லுங்க. யாரு?"

வாசலில் நிழல் விழுந்தது. கப்பல் உடம்பெல்லாம் தண்ணீர் சொட்ட உள்ளே வந்து, இருமி உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, இரும்பு நடுக்காலில் முதுகைச் சாய்த்து நின்று, கையிலிருந்த ஈரத் துண்டைப் பிழிந்தார்.

"ஆபீஸ் பேச்சு எனக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்றேன்: நான் துண்டு காயப்போட நட்ட கம்பத்தை யாரு தொட்டா உங்களுக்கென்ன சார், உங்க ஆபீஸ் கம்பம் இதோ என் முதுகுக்குப் பின்னாலதான இருக்கு."