ஏழாம் வகுப்பின் பொதுப்பு

உலகப் பொருளாதாரம் இன்னும் குப்புற விழாமல் நிற்கிறதென்றால், ஆந்திராவில் நாகலாபுரம் பக்கத்து ஒரு தமிழ்ப் பள்ளியின் ஏழாம் வகுப்புதான் அதற்குக் காரணம். 'சிறார் நிதிமேன்மை இயக்கம்' என்ற மகத்தான திட்டத்துக்காகக் கணக்கு டீச்சர் பிரமிளாவைத் திருப்பதிக்கு அழைத்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஏ.சி. ஹாலில், பதினோரு வகைச் சாப்பாட்டுடன், சிக்கனம் போதிக்கப்பட்டது.

பிரமிளா அதை நம்பியும் விட்டாள். பயிற்சிக்குப் போய்விட்டு வந்து அதை நம்புகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் வாரம் இரண்டு ரூபாய் பிஸ்கட் டின்னில் போட்டார்கள். இருபத்தைந்து வாரத்தில் ஆயிரத்து நானூறு சேர்ந்தது. சூளூர்பேட்டைப் பக்கம் போய் ராக்கெட் கிளம்புவதைப் பார்க்க அதுதான் வேன் வாடகை.

நிறைவு விழாவன்று ஆய்வுக்கு வந்தார் அதிகாரி வெங்கட். தெலுங்கில் சேமிப்புக்குப் பொதுப்பு என்று பெயர்.

"பொதுப்புன்னா என்னம்மா?"

முதல் பெஞ்சு மாணவி தாட்சாயணி எழுந்தாள். "கடன் சார்."

"கடனா?"

"எங்கம்மா பொதுப்புல நாப்பதாயிரம் எடுத்துக்கினு வந்து எருமை வாங்குச்சு. இன்னும் கட்டிக்கினுதான் கீது."

வகுப்பே தலையாட்டியது. அந்த ஊரில் பெண்கள் பொதுப்பு சங்கத்தில் சேருவதே கடனுக்குத்தான். அதிகாரி 'அடிப்படைக் கருத்துப் பிழை' என்று பயபக்தியோடு எழுதிக்கொண்டார்.

தலைமையாசிரியர் அப்பாவு பிரமிளாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "சாருக்கு சால்வை, மாலை, பேனர், சாப்பாடு. ஃபண்ட் இன்னும் ரிலீஸ் ஆவல. டின்னை எடும்மா."

"பசங்க ராக்கெட் பாக்கறதுக்கு வெச்சது சார் அது!"

"ராக்கெட் எங்க போயிடப் போவுது? மேலதானே போவும். அடுத்த மாசம் வெச்சிடலாம்."

பிள்ளைகள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் பிரமிளா டின்னைக் கொடுத்துவிட்டாள். மேலதிகாரியிடம் 'மாட்டேன்' என்று சொல்ல எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை.

மத்தியானம், புதுச் சால்வையோடு அதிகாரி சேமிப்பின் பெருமையை முக்கால் மணி நேரம் பேசினார். "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்றும் கேட்டுவிட்டார்.

தாட்சாயணி எழுந்தாள். "எங்க காசு ஆயிரத்து நானூறு எடுத்துக்கினீங்களே, எப்ப சார் கட்டுவீங்கோ? எங்கம்மா சங்கத்துல பத்து பேரு கையெழுத்து போட்டாத்தான் குடுப்பாங்கோ. உங்களுக்கு யாரு சார் ஜாமீன்?"

அப்பாவு மின்விசிறியை ஆராய்ந்தார். பிரமிளா தயங்கித் தயங்கி எழுந்தாள். "நான் சொல்லிக் குடுத்ததுதான் சார்" என்றாள். சொன்ன பிறகும் உட்காரவில்லை.

அதிகாரி சால்வையைச் சரிசெய்துகொண்டு ஆய்வுப் பதிவேட்டில் எழுதினார்: "இப்பள்ளியில் நிதிக்கல்வி முழுத் தோல்வி. மாணவர்கள் சேமிப்பதோடு நிற்காமல் கணக்கும் கேட்கிறார்கள். ஆசிரியைக்கு உடனடியாக மறுபயிற்சி தேவை."