விற்ற பாட்டு யாருடையது?

"பாட்டு சி.டி. தட்டை வித்துட்டீங்க, சரி. கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்ச காப்பி?"

மச்சினன் இப்படிக் கேட்டதும் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தார். மச்சினன் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வக்கீலுக்கே தெரியாத சட்டமெல்லாம் அவனுக்குத் தெரியும்.

"வாங்கின அன்னைக்கே ஏத்தினது மாப்ளே. அந்தத் தாலாட்டைக் கேட்டாத்தானே குழந்தை மத்தியானம் தூங்குது."

"தட்டு உங்க கையில இருந்தவரைக்கும் அது உங்க சௌகரியம். வித்த நிமிஷத்திலேருந்து திருட்டு, அத்தான்."

"காசு கொடுத்து வாங்கினதுடா!"

"மாட்டை வித்துட்டு, பாலை மட்டும் நான் கறந்துக்குவேன்னா எப்படி?"

கடைக்காரர் மானஸ்தர். பிரேமுக்கு மும்மடங்கு விலை சொல்வாரே தவிர, திருடன் என்று பேர் எடுத்ததில்லை. கணினியில் இருந்ததை அழித்தார். செல்போனில் இருந்ததையும் அழித்தார்.

மத்தியானம் ஆயிற்று. குழந்தை கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மனைவி பாடிப் பார்த்தாள், கத்தல் கூடியது. இவர் பாடினார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"சார், குழந்தையே அழட்டும்."

மனைவி பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். "பாட்டு வருதா, இல்ல நானும் பிள்ளையும் எங்கம்மா வீட்டுக்குப் போகட்டுமா?"

பழைய பாட்டுத்தட்டுக் கடைக்கு ஓடினார்.

"நேத்து கொடுத்தேனே, தாலாட்டுத் தட்டு…"

"அதுவா! கிடைக்காத சரக்கு சார்."

"நேத்து ஓடாத சரக்குன்னீங்க?"

"நேத்து நான் வாங்கினேன். இன்னைக்கு விக்கிறேன்."

கண்ணாடிக்காரர் கடையிலும் அதே வேதம்தான். கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தார்.

தட்டு முதல் அடியிலேயே விக்கி நின்றது. எடுத்துப் பார்த்தால் மேலே ஒட்டிய தாள் ஓரத்தில் பிரிந்திருந்தது. யாரோ வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்த தட்டு! ஊருக்கெல்லாம் பார்வை சரிபார்ப்பவர், அதே காலோடு திரும்ப ஓடினார்.

"போலியை என் தலையில கட்டிட்டியேய்யா!"

"உங்க முகத்தை நம்பி நான் தட்டோட டப்பாவைத் திறக்கவே இல்ல. அப்ப காப்பியடிச்சு எனக்கு வித்தது நீங்களா?" தட்டுக்கடைக்காரர் ஷட்டரை இழுத்துச் சாத்தினார். "நடங்க உங்க வீட்டுக்கு. அசல் வரணும், இல்லேன்னா போலீஸ் வரும்."

வாசலில் தெருவே கூடிவிட்டது. தெருமுனையில் குடியிருந்த மச்சினனும் வந்து சேர்ந்தான்.

"நீயே சொல்லு மாப்ளே. சட்டம் என்ன சொல்லுது?"

மச்சினன் தட்டைக் கையில் வாங்கினான். வாசல் வராந்தா மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் வியர்த்தான்.

"இதுக்குப் போயா போலீசு? சட்டம்னா கொஞ்சம் முன்னபின்னதான் இருக்கும். ரெண்டு பேரும் சமாதானமாப் போங்க."

"காலையில திருட்டுன்னியே?"

"அது… பொதுவாச் சொன்னது."

உள்ளே குழந்தை மறுபடியும் வீலென்றது. அப்போது மச்சினன் மனைவி மூச்சிரைக்கக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் பளபளவென்று ஒரு தட்டு.

"அழுகை எங்க வீடு வரைக்கும் கேக்குதுண்ணே, முதல்ல இதைப் போடுங்க. அன்னைக்கு இரவல் வாங்கிட்டு வந்தப்பவே இவரு அசலை வச்சுக்கிட்டு, உங்களுக்குக் காப்பியைத்தானே திருப்பிக் கொடுத்தாரு?"